ஆகஸ்ட்டுல ப்ரோச்சு கிடையாது சாமி!

கோர்சிகா போயிட்டு வந்தவங்க எழுதுற சாப்பாட்டுக் கட்டுரைகளைப் படிச்சுப் படிச்சு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எல்லாத்துலயும் ஒரே படம். கடலோரமா ஒரு மேசை, மரப்பலகையில அடுக்கின பன்றி இறைச்சித் துண்டுகள், பக்கத்துல ப்ரோச்சு பாலாடை அடைச்ச கனெலோனி, பின்னால நீலக் கடல். படத்துக்குக் கீழ "பாரம்பரிய கோர்சிகச் சாப்பாடு, ஆஹா ஓஹோ!" தேதியைப் பாத்தா ஆகஸ்ட் 10, ஆகஸ்ட் 14...

அந்தப் படத்துல சந்தேகமே இல்லாம கோர்சிகாவைச் சேர்ந்தது கடல் மட்டும்தான்னு நான் சொல்றேன். கோவிச்சுக்காம மேல படிங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: மத்தியதரைக் கடல்ல, சார்தீனியாவுக்கு மேல இருக்கிற தீவு இது. ஜெனோவாக்காரங்க பல நூறு வருஷம் வச்சிருந்து, 1768ல பிரான்ஸ் கையில ஒப்படைச்சுட்டுப் போனாங்க. நெப்போலியன் பொறந்த ஊர் (கொடுப்பினை பாருங்க, அதுக்கு அடுத்த வருஷமே, 1769ல!). ஜனத்தொகை மூணரை லட்சம். வருஷத்துக்கு வந்து போற சுற்றுலாக் கூட்டமோ ஏறக்குறைய 30 லட்சம். அதுல பெரும்பங்கு ஜூலை, ஆகஸ்ட்டுல வந்து குவியுது. இந்தக் கணக்கை ஒரு ஓரமா வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

முதல்ல ப்ரோச்சு. தீவோட அடையாளமே இதுதான்னு சொல்லலாம். ஆட்டுப்பாலைத் திரிய வச்சு பாலாடைக்கட்டி எடுத்தப்புறம் மிஞ்சற தெளிநீர் இருக்கு பாருங்க, அதைத் தூக்கிக் கொட்டாம, கொஞ்சம் முழுப்பால் சேர்த்து மறுபடி சூடு பண்றாங்க. ஒரு பதத்துல வெள்ளை வெள்ளையா மேல மிதந்து வரும். அதை அரிச்சு எடுத்துச் சின்னக் கூடையில வடிய வச்சா ப்ரோச்சு. செம்மறி ஆட்டுப்பால் இல்லேன்னா வெள்ளாட்டுப்பால், வேற எதுவும் கூடாது. 1983லயே இதுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் பிறப்பிடச் சான்று கொடுத்தாச்சு. காலையில செஞ்சதை அன்னிக்கே வெதுவெதுப்பா சாப்பிடணும். மேல சர்க்கரை தூவியோ, தேன் ஊத்தியோ சாப்பிடலாம். நான் சும்மாவே சாப்பிட்டேன்.

சரி, ஆட்டுக்குப் பால் எப்போ வரும்? குட்டி போட்டா வரும். அந்த ஊர்ல ஆடு குட்டி போடறது இலையுதிர்காலத்துல. நவம்பர்ல ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும் பால். கொஞ்சம் இழுத்தடிச்சா ஜூலை ஆரம்பம். அப்புறம் மடி வத்திடும். மேய்ப்பர்கள் குளிர்காலத்துல சமவெளியில, கோடையில மலை உச்சியில, இப்படி ஏறி இறங்கியே காலங்காலமா வாழ்ந்தவங்க. ஆடு ஓய்வெடுக்கிற காலம்தான் கோடை.

அப்போ ஆகஸ்ட் 14ஆம் தேதி உங்க கனெலோனிக்குள்ள இருந்தது என்னங்க?

பெரும்பாலும் 'ப்ரூஸ்'. பார்க்க அதே வெள்ளை, அதே குழைவு. மாட்டுப்பாலா இருக்கலாம், எங்கிருந்தோ வந்த பாலா இருக்கலாம். ப்ரூஸை ப்ரூஸ்னு எழுதி வித்தா எனக்கு ஒரு புகாரும் இல்ல, அதுவும் ஒரு பாலாடைதான். சில நேர்மையான கடைக்காரங்க கோடையில பட்டியலை மாத்தி அப்படியே எழுதறாங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா தெற்குப் பக்கம் ஒரு துறைமுக ஊர்ல, ஆகஸ்ட் மூணாவது வாரம், ஒரு உணவகத்துல பட்டியல்ல கொட்டை எழுத்துல "புத்தம்புது ப்ரோச்சு". பரிமாற வந்த தம்பிகிட்ட, "இப்போ ஆட்டுக்கு ஏதுப்பா பால்?"னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீங்க ஒருத்தர்தான் ஐயா இதைக் கேக்கறீங்க"ன்னான். அதுதாங்க விஷயம். யாருமே கேக்கறதில்ல.

இதுக்கு நடுவுல எல்லா வழிகாட்டியும் சொல்ற கதை ஒண்ணு: நெப்போலியனோட அம்மா ப்ரோச்சு சாப்பிடணும்னு ஆசைப்பட்டு கோர்சிக ஆடுகளையே பிரான்ஸுக்கு வரவழைச்சாங்களாம். நிஜமோ பொய்யோ, அந்தம்மாவுக்காவது ஆடு இல்லாம ப்ரோச்சு வராதுன்னு தெரிஞ்சிருக்கு!

அடுத்த குறை. "தீவுன்னு போனோம், மீன் சமையலே பெருசா இல்லையே"ன்னு ஒரு கூட்டம் அலுத்துக்குது. பாஸ்தியா, அஜாக்சியோ மாதிரி துறைமுகங்கள்ல அசிமீனுன்னு மீன் சூப் உண்டு, நல்லாவே இருக்கும். ஆனா தீவோட சாப்பாடு கடல்லேர்ந்து வந்ததில்ல. கடற்கரையில ஒரு பக்கம் கொள்ளைக் கப்பல், ஜெனோவாக்காரங்க தீவைச் சுத்திக் காவல் கோபுரமா கட்டி வச்சது அதுக்குத்தான். இன்னொரு பக்கம் கிழக்குச் சமவெளி முழுக்க மலேரியா. இரண்டாம் உலகப்போர் கடைசியில, 1944-45 வாக்குல அமெரிக்க ராணுவம் டி.டி.டி. அடிச்சப்புறம்தான் அந்தச் சமவெளியில நிம்மதியா மனுஷன் குடியிருக்க முடிஞ்சது. அதுவரைக்கும் சனங்க இருந்தது மலையில. 2706 மீட்டர் உசரத்துல சிந்தோன்னு சிகரம் இருக்கிற தீவு அது. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த ஊர்கள். அந்தச் சமையல்ல போய் இறாலைத் தேடினா எப்படி?

மலைச் சாப்பாட்டுக்கு அடிப்படை செஸ்ட்நட். (கஷ்கொட்டைன்னு அகராதியில இருக்கு, நானும் செஸ்ட்நட்டுன்னே எழுதறேன்.) இந்த மரத்தோட கதையைச் சொல்லாம கோர்சிகச் சாப்பாட்டைப் பத்திப் பேசறவங்களை நான் நம்பறதே இல்ல.

16ஆம் நூற்றாண்டுல ஜெனோவா ஆட்சி, நிலம் வச்சிருக்கிறவன் வருஷாவருஷம் மரம் நடணும்னு உத்தரவு போட்டது. 1584ல வந்த உத்தரவுப்படி வருஷத்துக்கு நாலு மரம்: செஸ்ட்நட், ஆலிவ், அத்தி, மல்பெரி. மத்த மூணும் அங்கங்க வளர, வடகிழக்கு மலைகள்ல செஸ்ட்நட் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு பிரதேசத்துக்குப் பேரே கஸ்தானிச்சா, செஸ்ட்நட் நாடு. கோதுமை விளையாத சரிவுல மரமே ரொட்டி கொடுத்தது. 'ரொட்டி மரம்'னே பேர்.

பிரெஞ்சுக்காரங்க வந்ததும் என்ன பண்ணாங்க தெரியுமா? இது சோம்பேறி மரம், உழாம விதைக்காம சோறு போடுது, அதனாலதான் இவனுங்க அடங்க மாட்டேங்கறானுங்கன்னு சொல்லி 1771ல புதுசா செஸ்ட்நட் நடக்கூடாதுன்னு தடை போட்டாங்க. ரெண்டு வருஷத்துல வாபஸ் வாங்கினது வேற விஷயம். பசிக்கு மரம் இருக்கிறவனை வரி போட்டும் பஞ்சம் காட்டியும் பணிய வைக்க முடியாதே, அந்த எரிச்சல்! பிறகு 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில டானின் ஆலைகள் வந்துச்சு. தோல் பதனிடற சாறுக்காக மரத்தையே வெட்டித் தள்ளினாங்க. முதல் உலகப்போர்ல ஆம்பளைங்க செத்தாங்க, மிச்சப் பேர் பிழைப்பு தேடிக் கிளம்பினாங்க, தோப்பு காடாச்சு. 2010ல ஆசியாவிலேர்ந்து பரவின ஒரு சின்னக் குளவி தீவுக்கு வந்து மொட்டுகள்ல முட்டை போட்டு விளைச்சலைக் காலி பண்ணுச்சு. அதைத் தின்கிற இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் சமாளிச்சுக்கிட்டு வர்றாங்க. இத்தனைக்கும் தப்பிச்சுத்தான் அந்த மாவு உங்க கைக்கு வருது.

வர்ற விதத்தையும் கேளுங்க. அக்டோபர், நவம்பர்ல கொட்டையைப் பொறுக்கணும். பழைய வீடுகள்ல அடுப்புக்கு மேல இடைவெளி விட்ட மரச்சட்டத் தட்டு ஒண்ணு இருக்கும், பரண் மாதிரி. அதுல கொட்டையைப் பரப்பி, கீழ நாள்பூரா மெல்லிசாத் தீ. மூணு நாலு வாரம். அதே புகையில பக்கத்துல கொத்தா தொத்திறைச்சி தொங்கும். காஞ்ச கொட்டையைத் தோல் நீக்கிக் கல் எந்திரத்துல அரைச்சா, வருஷக் கடைசியில புது மாவு. லேசா இனிப்பு, லேசாப் புகை. கோர்சிகச் செஸ்ட்நட் மாவுக்கும் 2006ல பிறப்பிடச் சான்று வந்துச்சு.

இந்த மாவுல கிண்டறதுதான் புலெண்டா. கொதிக்கிற உப்புத் தண்ணியில மாவைக் கொட்டி, நீளக் கட்டையால விடாமக் கிண்டணும். நம்ம ஊர்ல களி கிண்டற அதே வேலை, அதே தோள்வலி. உருண்டு திரண்டதும் மாவு தூவின துணியில கவிழ்த்து, நூலால அறுப்பாங்க. கத்தி வச்சா ஒட்டிக்கும். அதோட தணல்ல வாட்டின ஃபிகாடெல்லு, ஒரு பொரிச்ச முட்டை, ஒரு கரண்டி ப்ரோச்சு.

ஃபிகாடெல்லுன்னா பன்றி ஈரல் சேர்த்த தொத்திறைச்சி. இதை நல்லா வேக வச்சுத்தான் சாப்பிடணும்ங்க. பச்சையா வெட்டிச் சாப்பிட்டா ஹெபடைடிஸ் ஈ வரலாம்னு 2010லயே ஆய்வு வந்தாச்சு. "உள்ளூர்க்காரங்க அப்படியேதான் சாப்பிடறாங்க"ன்னு யாராவது உசுப்பேத்தினா ஏமாந்துடாதீங்க.

நான் புலெண்டா சாப்பிட்டது கஸ்தானிச்சாவுல ஒரு ஜனவரி மாசம். தங்கின வீட்டுப் பாட்டியம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். "ஆகஸ்ட்டுல வந்தா இதைச் செஞ்சு கொடுப்பீங்களா?"ன்னு கேட்டேன். "ஆகஸ்ட்டுல பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்துடும், வீடு கொள்ளாது. அந்த வெயில்ல யார் இதைக் கிண்டறது? மாவும் அதுக்குள்ள தீர்ந்திருக்கும், இல்லேன்னா பூச்சி வச்சிருக்கும்"னாங்க. தத்துவமெல்லாம் ஒண்ணும் பேசல. அப்படியே எழுந்து போய் அடுப்புல இன்னொரு கட்டையைச் செருகினாங்க.

இப்போ பன்றிக்கு வருவோம். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுற இடம் இதுதான்.

நுஸ்த்ராலேன்னு உள்ளூர்ப் பன்றி இனம் ஒண்ணு இருக்கு. 'நம்மளோடது'ன்னு அர்த்தம். 2006ல தனி இனமா அங்கீகாரம் கிடைச்சுது. காட்டுல திரிஞ்சு மேயும். இலையுதிர்காலத்துல குறைஞ்சது 45 நாள் செஸ்ட்நட்டும் ஓக் கொட்டையும் தின்னு கொழுக்கும். ஒரு வயசுக்கு மேல ஆனதைக் குளிர்காலத்துல அறுப்பாங்க. அதோட தொடையை உப்புப் போட்டு, காய வச்சு, குறைஞ்சது 12 மாசம் தொங்க விட்டா ப்ரிசுத்து. கழுத்துப் பகுதி கோப்பா, முதுகுப் பகுதி லோன்சு. இந்த மூணுக்கும் 2012ல பிரான்ஸுல சான்று, 2014ல ஐரோப்பிய அளவுல.

ஒரு பன்றிக்கு ஒண்ணரை ரெண்டு வருஷம், அப்புறம் தொடைக்கு ஒரு வருஷம். மூணரை லட்சம் பேர் இருக்கிற மலைத்தீவுல எத்தனை தொடை தொங்க முடியும்? ஓரமா வச்ச கணக்கை இப்போ எடுங்க. 30 லட்சம் பேர், ஆளுக்கு ஒரு பலகை இறைச்சி. முடியுமா? முடியவே முடியாது. அதனால வெளியிலேர்ந்து கொட்டகைப் பன்றி இறைச்சி கப்பல்ல வருது. தீவுல உப்புப் போட்டு, உலர்த்தி, வெள்ளைத் துணி கட்டின மூர் தலைப் படத்தை ஒட்டினா 'கோர்சிகத் தயாரிப்பு'. துறைமுகக் கடைகள்ல தொங்கறதுல பெரும்பகுதி இந்த ரகம்தான்.

இதுக்கு மேல ஒரு கூத்து நடந்துச்சு. பெரிய தயாரிப்பாளர்கள் சேர்ந்து 'இல் தெ போத்தே', அதாவது 'அழகுத் தீவு'ங்கிற பேர்ல தொடை இறைச்சி, கோப்பா, லோன்சோவுக்குத் தனிச் சான்று கேட்டாங்க. நுஸ்த்ராலேதான்ங்கிற கட்டாயமெல்லாம் இல்லாம. அழகுத் தீவுன்னா கோர்சிகாவோட செல்லப்பேர்னு பிரான்ஸுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரான்ஸ் அரசாங்கம் 2018ல தலையாட்டிடுச்சு. ஐரோப்பிய ஆணையம் 2021ல முடியாதுன்னு சொல்லிடுச்சு. வழக்குப் போச்சு. 2023 ஜூலையில ஐரோப்பியப் பொது நீதிமன்றமும் ஆணையம் பக்கமே நின்னுச்சு: அந்தப் பேரைக் கேட்டா ஏற்கெனவே சான்று வாங்கின கோர்சிக இறைச்சிதான் ஞாபகத்துக்கு வரும், குழப்பம்னு. காட்டுல பன்றி மேய்க்கிற நாலு சின்ன ஆட்களுக்குக் கிடைச்ச நியாயம். ஆனா கடை வாசல்ல தொங்கறது அப்படியே தொங்குது, நாமளும் வாங்கிட்டே இருக்கோம்.

கழுதைத் தொத்திறைச்சி கதை தெரியுமா? பயணிகள் விழுந்து விழுந்து வாங்கிட்டுப் போய் ஊர்ல காட்டி சிரிக்கிறாங்க. கோர்சிகாவுல கழுதை தின்கிற வழக்கம் கிடையவே கிடையாது. கழுதை மலைப்பாதையில மூட்டை சுமக்கத்தான். பயணிக்கு வேடிக்கை வேணும், கடைக்காரனுக்குக் காசு வேணும், ஒரு பாரம்பரியம் பொறந்துடுச்சு! புழு நெளியற பாலாடைக்கட்டி மேல இருக்கிற பித்தும் இதே வகைதான். அது நிஜமாவே இருக்கு, ஆனா அதைத் தேடிப் போய் ஃபோட்டோ எடுக்கிறவன் பக்கத்துல இருக்கிற அருமையான முதிர்ந்த ஆட்டுப் பாலாடைக்கட்டியைத் தொடறதில்ல. 1973ல வந்த ஆஸ்டெரிக்ஸ் கோர்சிகா புத்தகத்துல பாலாடை நாத்தத்துல கப்பலே வெடிக்கும். அந்த ஜோக்கை அம்பது வருஷமா தின்னுட்டிருக்காங்க :-)

"என்னப்பா, சாப்பாட்டு விஷயத்துக்கு இவ்வளவு கோவமா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சம்பவம். 1975 ஆகஸ்ட் 21. கிழக்குச் சமவெளியில அலேரியாங்கிற ஊர். எட்மோன் சிமியோனிங்கிற டாக்டர் தலைமையில ஒரு கூட்டம் ஆயுதத்தோட ஒரு ஒயின் கிடங்குக்குள்ள புகுந்து உட்கார்ந்துச்சு. மலேரியா ஒழிஞ்ச அந்தச் சமவெளி நிலத்துல அல்ஜீரியாவிலேர்ந்து வந்தவங்களுக்கு முன்னுரிமை கொடுத்தது ஒரு குமுறல். சர்க்கரை கொட்டிக் கலப்படம் பண்ணின ஒயின் மோசடி இன்னொரு குமுறல், கோர்சிகப் பேர் நாறுதேன்னு. மறுநாள் அரசாங்கம் படையை இறக்குச்சு. ரெண்டு ஜென்டார்ம்கள் செத்தாங்க. தீவோட இன்னைய அரசியலே அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லுவாங்க. துப்பாக்கி தூக்கினது சரின்னு நான் சொல்லல, சாவுக்கு நியாயம் கிடையாது. ஆனா புட்டியில ஒட்டின பேரும் உள்ள இருக்கிற சரக்கும் ஒண்ணா இருக்கணும்ங்கிறது அங்க வெறும் நாக்கு ருசி சமாச்சாரம் இல்லைன்னு புரிஞ்சுக்கணும்.

அவங்க பேர் அடுத்தவன் கையில போனதுக்குப் பழைய வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலேர்ந்து ரோக்ஃபோர் பாலாடைக் கம்பெனிகள் தீவுல பால் பண்ணை போட்டு, கோர்சிக ஆட்டுப்பாலை வாங்கி, கட்டியாக்கி, பிரான்ஸுல இருக்கிற தங்க குகைக்கு அனுப்பிட்டிருந்தாங்க. பால் இங்க, பேர் அங்க. இப்போ தலைகீழ்: இறைச்சி எங்கேர்ந்தோ, பேர் மட்டும் இங்க. நஷ்டம் ரெண்டு தடவையும் ஆடு, பன்றி மேய்க்கிறவனுக்கே.

கடைக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போக எனக்கு மனசு வரல. ஆகஸ்ட்டுல போய் ஜனவரிச் சாப்பாட்டைக் கேக்கறது யாரு? பயணிதான். கேட்டா இல்லைன்னு சொல்றவன் கடையில ஒரு நட்சத்திரம் குறைக்கிறதும் அவன்தான். "எனக்கு லீவு கிடைக்கறதே ஆகஸ்ட்டுலதான், என்ன பண்றது?" நியாயமான கேள்வி. பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு வேற வழி இல்ல. தாராளமா ஆகஸ்ட்டுல போங்க, ஆனா ஆகஸ்ட்டுல விளையறதைச் சாப்பிடுங்க. "சுற்றுலாக் காசு இல்லேன்னா தீவே பட்டினி, கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா என்ன?"ன்னு இன்னொரு வாதம். அந்தக் காசு யாருக்குப் போகுதுன்னு பாருங்க சாமி. பாதி விலைக்குப் போலி தொங்கற இடத்துல, மூணு வருஷம் காத்திருந்து ஒரு தொடை விக்கிறவன் எப்படி நிப்பான்? அவன் மூட்டை கட்டினா செஸ்ட்நட் தோப்பைப் பாத்துக்க ஆள் கிடையாது.

கோடையில கிடைக்கிறது கொஞ்சமா என்ன? போன வருஷமோ அதுக்கு முந்தின வருஷமோ தொங்க விட்ட ப்ரிசுத்து ஆகஸ்ட்டுல பிரமாதமா இருக்கும், சான்று முத்திரையைப் பாத்து வாங்கணும், விலை கூடத்தான் இருக்கும், ரெண்டு துண்டு குறைச்சுக்கங்க. வசந்தத்துல செஞ்சு முதிர வச்ச ஆட்டுப் பாலாடைக்கட்டி, அத்திப்பழ ஜாமோட. உப்புப் போட்டுக் காய வச்ச பழைய ப்ரோச்சும் உண்டு, 'பாஸ்ஸு'ன்னு கேளுங்க. போனிஃபாசியோ பக்கம் கத்திரிக்காய்க்குள்ள ரொட்டியும் பாலாடைக்கட்டியும் திணிச்சுச் செய்யறது அசல் கோடைச் சாப்பாடு. காட்டுச் செடிகள்லேர்ந்து வர்ற தேன், எந்தப் பருவத்துத் தேன்னு கேட்டாலே விக்கிறவங்க முகம் மலரும். சோம்பு போட்ட கனிஸ்த்ரெல்லி பிஸ்கட்டுக்குப் பருவமே கிடையாது, பல்லு பத்திரம். 1996லேர்ந்து செஸ்ட்நட் மாவு சேர்த்துக் காய்ச்சற பியேத்ரா பியரும் எப்பவும் கிடைக்கும்.

ஃபியாதோனே மட்டும் கேக்காதீங்க. ப்ரோச்சு, முட்டை, சர்க்கரை, எலுமிச்சைத் தோல், அவ்வளவுதான் அந்த கேக். ப்ரோச்சு இல்லேன்னா அதுல ஒண்ணுமே இல்ல. அதுக்காகவே நான் மறுபடி போறதா இருக்கேன், பிப்ரவரியில. மார்சேயில ராத்திரி ஏறினா காலையில பாஸ்தியா. கப்பல்ல கூட்டமே இருக்காது, டிக்கெட்டும் மலிவு. பாதி உணவகம் பூட்டியிருக்கும், மழை பெய்யும், மலைப்பாதையில பனி இருந்தா சக்கரத்துக்குச் சங்கிலி வேணும். வர்றவங்க சொல்லுங்க, கார்ல இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு.